தாத்தாவின் அம்பாசடரில் இருப்பது அதன் சொந்த எஞ்சின்தானா?

கேள்வி: வலங்கைமான் அருகே எங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தா ஓட்டிய அம்பாசடர் நிற்கிறது. பெட்ரோல் வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் 1961 என்று இருக்கிறது. விலைக்குக் கேட்டு வந்த ஒருவர் எஞ்சினில் இருக்கும் எண்ணைக் காட்டி, "இது ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை, மாற்றிய எஞ்சின்" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறார். அந்த எண்ணின் படத்தை இணைத்திருக்கிறேன். அவர் சொல்வது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்காவிட்டால் பழைய வண்டிகளுக்கான பதிவு வாங்கலாம் என்றும் எண்ணம்.

பதில்:

படத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில் தெரியும் எண் புடைத்துக்கொண்டு நிற்கிறது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும்போதே பிளாக்கோடு, அதாவது எஞ்சினின் இரும்பு உடலோடு, சேர்ந்து வந்த எழுத்து அது. வார்ப்பு எண் என்பார்கள். ஒரே அச்சில் வார்த்த அத்தனை பிளாக்குகளிலும் அதே எண்தான் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் ஏறுவது வேறு எண்: ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகப் பஞ்ச் வைத்து அடித்தது, உலோகத்துக்குள் பள்ளமாக இறங்கியிருப்பது. வார்ப்பு எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டால் கம்பெனியிலிருந்து நேற்று இறங்கிய வண்டிகூட ஒத்துப்போகாது. வாங்க வந்தவர் தெரிந்தே சொன்னார் என்று நான் சொல்லவில்லை. பாதி விலை கேட்கும் முன் விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்திருக்கலாம்.

ஆகவே அவருடைய வாதம் நிற்காது. அதனாலேயே உங்கள் எஞ்சின் அசல் என்று முடிவாகிவிடவும் இல்லை. டெல்டாவில் அறுபது வருடம் கிடந்த காருக்குள் என்னென்ன நடந்திருக்கும் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

"அசல் எஞ்சின்" என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். கம்பெனியில் அந்த வண்டியில் ஏற்றிய அதே பிளாக் இன்றும் இருந்தால் ஒரு தரம். பிளாக் வேறு, ஆனால் அந்த வருட வண்டிக்கு வந்த அதே வகை எஞ்சின் என்றால் இன்னொரு தரம். பிற்காலத்து எஞ்சினோ வேறு கம்பெனி எஞ்சினோ ஏறியிருந்தால் அது மூன்றாவது. விலை பேசுகிறவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகக் கலந்து பேசுவார்கள். நீங்கள் கலக்கக் கூடாது. நம் ஊரில் முதல் தரம் அரிது, இரண்டாவது சாதாரணம். கார் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில் யாரும் எஞ்சின் போனதற்காக வண்டியைத் தூக்கி எறியவில்லை. சம்பா நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் போரிங் வேலைக்கு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) அனுப்புவார்கள். அது முடியாத நிலை வந்தால் வேறு பிளாக் தேடுவார்கள். பிளாக் கெட்டுப்போவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உவர் நீரை ரேடியேட்டரில் வருடக்கணக்காக ஊற்றினால் உள்ளே துருவும் உப்புக்காரையும் அடைத்து, எஞ்சின் சூடேறி, கடைசியில் பிளாக்கோ அதன் மேல் மூடும் தலையான ஹெட்டோ விரிசல் விடும். உங்கள் ஊர் அவ்வளவு கடலோரம் இல்லை என்பது நல்ல செய்தி.

இனி வேலைக்கு வருவோம். பானட்டைத் தூக்கியதும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, எஞ்சினின் வகையை. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1954-இல் கொண்டுவந்த லேண்ட்மாஸ்டர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசையின் இந்திய வடிவம். அடுத்து வந்த அம்பாசடர் மூன்றாம் வரிசையின் வடிவம். தொடக்க கால அம்பாசடரில் இருந்தது 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின். 1959-இல்தான் 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்தது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசை எஞ்சின் அது. இரண்டையும் பிரித்தறிய எந்தக் கருவியும் வேண்டாம். சைடு வால்வு எஞ்சினின் தலை தட்டையான இரும்புப் பலகையாக இருக்கும், பிளக்குகள் மேலிருந்து இறங்கும். ஓவர்ஹெட் எஞ்சினில் தலைக்கு மேல் தகரத்தால் செய்த நீளமான ராக்கர் கவர் உட்கார்ந்திருக்கும், ஆயில் ஊற்றும் மூடியும் அதில்தான். பி வரிசையில் பிளக்குகள், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ மூன்றும் டிரைவர் பக்கம். கார்புரேட்டரும் சைலன்ஸர் குழாயும் எதிர்ப்பக்கம். உங்களுடையது 1961 என்பதால் ராக்கர் கவர் இருக்க வேண்டும். தட்டைத் தலை இருந்தால் யாரோ பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

எப்போதாவது ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் நீளத்தை) அளந்துகொள்ளுங்கள். பி வரிசை 1489-க்கு அது 88.9 மில்லிமீட்டர், பழைய சைடு வால்வுக்கு 87. போர் அளவை (சிலிண்டரின் விட்டத்தை) நம்ப வேண்டாம். கம்பெனியில் 73.025 மில்லிமீட்டராக வந்தது, ஒவ்வொரு போரிங்குக்கும் பெரிதாகியிருக்கும். பிஸ்டன் தலையில் 20, 40 என்று அடித்திருக்கும் ஓவர் சைஸ் எண்ணைப் பார்த்தாலே அந்த பிளாக் எத்தனை தடவை லேத் பட்டறைக்குப் போய் வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். லைனர் (சிலிண்டருக்குள் செருகும் குழல்) போட்டு மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்திருந்தால் சிலிண்டர் வாயைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு தெரியும். இந்த உழைப்புத் தழும்புகள் குறையே அல்ல. வேறெங்கிருந்தோ வந்த தேயாத பிளாக்கைவிட லைனர் போட்ட பிளாக்கைத்தான் நான் மதிப்பேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அம்பாசடரில் பின்னாளில் வந்த டீசல் எஞ்சினும் பி வரிசைதான், அதுவும் 1489 சி.சி.தான். எனவே ஆர்.சி.யில் 1489 என்று இருப்பதை வைத்து மட்டும் பெட்ரோலா டீசலா என்று சொல்ல முடியாது. எண்பதுகளில் டெல்டா முழுக்கப் பெட்ரோல் அம்பாசடர்களை டீசலுக்கு மாற்றினார்கள். வாடகைக்கு ஓடிய வண்டிகள் முதலில் மாறின, பிறகு வீட்டு வண்டிகளும். இப்போது பழைய காருக்கு மதிப்பு வந்துவிட்டதால் அதே வண்டிகளில் சென்னை புதுப்பேட்டையிலிருந்தோ வேறெங்கிருந்தோ பெட்ரோல் எஞ்சின் வாங்கி மாட்டி, "தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான்" என்கிறார்கள். எஞ்சினைப் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதைச் சுற்றியிருக்கும் தகரத்தைப் பார்க்க வேண்டும்.

டீசல் எஞ்சினுக்கு டேங்கிலிருந்து ஒரு குழாய் வந்தால் மட்டும் போதாது. மிச்ச எண்ணெய் திரும்பிப் போகவும் ஒரு குழாய் வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கிலிருந்து முன்பக்கம் வரை போகும் குழாயோடு இன்னொரு குழாய் ஓடுகிறதா, அல்லது ஓடிய கிளிப்புகள் மிச்சமிருக்கின்றனவா என்று பாருங்கள். டேங்கின் மேல் அடைத்துவிட்ட துவாரம் இருக்கிறதா? டாஷ்போர்டில், ஸ்டார்ட் செய்யும் முன் டீசல் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பொத்தானுக்கும், எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் வயருக்கும் துளை போட்டிருப்பார்கள். பெட்ரோலுக்குத் திரும்பியவர்கள் பொத்தானைக் கழற்றுவார்கள், துளையை ரப்பர் மூடியால் அடைப்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரிலும் அந்த வயர் நுழைந்த வழி இருக்கும். பெயிண்ட் அடித்து மறைத்திருந்தாலும் உள்பக்கம் கம்பளத்தை உரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எஞ்சின் உட்காரும் மவுண்டிங்கில் கேஸ் வெல்டிங் வைத்த தடம், முட்டை வடிவமாக நீட்டிய போல்ட் துளை இவையும் நல்ல சாட்சிகள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று வண்ணம் தீட்டிய ஒரு மார்க் ஒன் (முதல் வரிசை அம்பாசடர்) வண்டியைப் பார்த்தேன். எஞ்சின் சுத்தமான பெட்ரோல். ஆனால் டாஷ்போர்டுக்கு அடியில், ஒன்றோடும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்த வயரின் நுனியில் "ஸ்டாப்" என்று எழுதிய கறுப்புக் குமிழ் அப்படியே இருந்தது.

தொண்ணூறுகளில் வந்த இசூசு எஞ்சின் ஏறியிருந்தால் இத்தனை துப்பறியும் வேலையே தேவையில்லை. அதன் கியர்பெட்டியே வேறு, ஐந்து கியர். பழைய அம்பாசடரில் கியர் லீவர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். தரையை வெட்டி லீவரை நடுவில் கொண்டுவந்திருந்தால் எஞ்சினோடு கியர்பெட்டியும் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

கார்புரேட்டர், டைனமோ, ரேடியேட்டர், ஃபேன் இவற்றைப் பார்த்து எஞ்சினின் வயதைச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இரண்டு ஸ்பேனர் இருந்தால் மாற்றிவிடக்கூடிய பொருள்கள் இவை. டைனமோ எரிந்தால் ஆல்டர்னேட்டர் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது எண்ணுக்கு வரலாம். பி வரிசை எஞ்சின்களில் அது பிளாக்கின் டிரைவர் பக்கம், டைனமோ பிடிக்கும் இடத்துக்கு மேலே இருக்கும். பிரிட்டனில் அதை ஒரு சிறு தகட்டில் பொறித்து பிளாக்கில் ரிவெட் அடித்து வைப்பது வழக்கம். தகடு இருந்தால் எண்ணைப் படிப்பதற்கு முன் ரிவெட்டைப் பாருங்கள். தகட்டைக் கழற்றி வேறு பிளாக்குக்கு மாற்றலாம், பட்டறைகளில் மாற்றியும் இருக்கிறார்கள். எப்போதும் ஏமாற்றுவதற்காக என்று சொல்ல முடியாது, ஆர்.சி.யில் சிக்கல் வரக்கூடாது என்பதற்காகவும்தான். ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ இருந்தால், அந்தத் தகடு பிளாக்கைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

அந்த இடம் உங்கள் வண்டியில் கிரீஸும் தூசியும் சேர்ந்து கல்லாகியிருக்கும். மண்ணெண்ணெயில் பழைய துணியை நனைத்து ஒரு மணி நேரம் அதன் மேல் ஊற வையுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலும் போதும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ். உப்புத்தாள், கம்பி பிரஷ், ஸ்க்ரூடிரைவர் எதுவும் கிட்டே வரக்கூடாது. நாளை யாராவது "எண்ணைச் சுரண்டியிருக்கிறார்கள்" என்று சொல்ல நீங்களே வழி செய்துவிடாதீர்கள். காய்ந்ததும் டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எண் எழுந்து நிற்கும். மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணைப் பிரிண்ட் எடுப்பது போலத்தான். புடைத்த வார்ப்பு எண்ணுக்குச் சுண்ணாம்புக் கட்டியை மேலாகத் தேய்த்தால் போதும்.

எண் அடித்த பரப்பையும் கவனியுங்கள். கம்பெனியில் கடைந்த பரப்பில் மெல்லிய நேர்கோடுகள் ஒரே திசையில் ஓடும். கிரைண்டர் வைத்துத் தேய்த்திருந்தால் அவை வளைந்து ஒன்றையொன்று வெட்டும், சில இடத்தில் பரப்பே பள்ளமாகியிருக்கும். எழுத்துகள் கோணலாக இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட வேண்டாம். கையால் பஞ்ச் அடித்த காலத்தில் கம்பெனி எண்களே கோணலாகத்தான் வந்தன. எண் அழிந்திருந்தால் நீங்களாக எதையும் அடித்துக்கொள்ளாதீர்கள், யார் ஆலோசனை சொன்னாலும் சரி. அது குற்றம். ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதுதான் வழி.

எண் படிக்கக் கிடைத்து, அது ஆர்.சி.யோடு ஒத்தும் போய்விட்டால்? அப்போதும் ஒரு கேள்வி மிச்சம். எந்த ஆர்.சி.யோடு? எஞ்சின் மாற்றினால் பதிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும் என்பது சட்டம். ஒழுங்காகச் செய்தவர்களின் ஆர்.சி.யில் புது எஞ்சினின் எண்தான் இருக்கும், அது ஒத்துத்தான் போகும். அட்டையாக வந்த இக்காலத்து ஆர்.சி.யில் கடைசி எண் மட்டுமே தெரியும். பழைய புத்தக ஆர்.சி.யில் மாற்றங்களைக் குறிக்கும் பக்கம் உண்டு. அங்கே சீல் வைத்து எழுதிய வரி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பக்கத்து எண்ணை அடித்துவிட்டு ஓரத்தில் புது எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பதும் உண்டு. உங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருப்பது பெரிய அதிர்ஷ்டம்.

அதோடு நிறுத்தாமல் பீரோவைக் கிளறுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருக்கும். வாங்கிய ரசீது கிடைத்தால் இன்னும் நல்லது. அறுபதுகளின் பாலிசியில் உள்ள எண்ணும் இன்று பிளாக்கில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது. ஓரிரு எழுத்து மட்டும் மாறியிருந்தால் உடனே பதற வேண்டாம். கையால் எழுதிய பதிவேடுகளில் 3-ம் 8-ம், 1-ம் 7-ம் இடம் மாறுவது சகஜம். உங்கள் வண்டி பதிவான காலத்தில் வலங்கைமான் தஞ்சாவூர் மாவட்டம், இன்று திருவாரூர் மாவட்டம். நடுவில் எத்தனை கை அந்த எண்ணைப் பார்த்து எழுதியதோ!

அம்பாசடரைத் தாண்டி, இன்னும் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களும் டெல்டாவில் இருப்பதால் அவர்களுக்கும் சேர்த்துச் சில வார்த்தைகள். ஃபோர்டு மாடல் ஏ வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அதில் எஞ்சின் எண்தான் வண்டியின் எண். பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே அடித்திருப்பார்கள். அதே எண்ணைச் சேஸிஸின் இடப்பக்கச் சட்டத்தின் மேலும் அடித்திருப்பார்கள். பாடியைத் தூக்கினால்தான் அது கண்ணில் படும், அதனால் பெரும்பாலும் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு ஃபோர்டு வண்டிகள் கனடாவிலிருந்துதான் பெரும்பாலும் வந்தன. அவற்றின் எண்ணுக்கு முன் சி.ஏ. என்ற எழுத்துகள் இருக்கும். செவ்ரோலே ஆறு சிலிண்டரில் வேறு வசதி. பிளாக்கை வார்த்த தேதியே அதில் இருக்கும். ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல் என்று மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். சி 12 8 என்றால் மார்ச் 12, 1938 அல்லது 1948. வார்த்த தேதி வண்டியின் பதிவு தேதிக்கு முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அந்த பிளாக் பிறகு வந்தது, பேச்சே இல்லை. எவ்வளவு முந்தலாம் என்பதில் கறாராக இருக்க வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் பாகங்களைக் கப்பலில் வரவழைத்துத்தான் வண்டி கட்டியது, சில மாத இடைவெளி இயல்பு.

அந்தக் காலத்து வண்டியின் பின்பக்கச் சட்டத்தில் காரணமில்லாத போல்ட் துளைகள் இருந்தால் விபத்து என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரியை எரித்து வரும் வாயுவில் வண்டிகள் ஓடின. டி.வி.எஸ். நிறுவனமே அதற்கான கருவியைச் செய்து விற்றது. அந்தக் கருவியின் உருளையைத் தாங்கிய துளைகளாக இருக்கலாம்.

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், உங்களுடையது தாண்டிவிட்டது. சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். மாநிலப் பதிவு அதிகாரிகள் முடிவு செய்வார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவாகும் வண்டிக்குத்தான் வி.ஏ. என்ற எழுத்துகளோடு புது எண். பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும், புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம், பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் எடுத்துப் போகலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு ஓட்டிச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

விலை விஷயத்தில் என் கணிப்பு இது. பெட்ரோல், ராக்கர் கவர், டீசல் தடயம் எதுவும் இல்லை என்று உறுதியானால், எண் ஒத்துப்போகாவிட்டாலும் உங்கள் வண்டி இரண்டாம் தரத்துக்குக் கீழே போகாது. அதற்குக் கொஞ்சம் விலை குறையலாம், பாதியாகக் குறைய நியாயமில்லை. எண்ணும் பழைய தாள்களும் சேர்ந்துவிட்டால் வந்தவர்தான் உங்கள் விலைக்கு ஏறி வர வேண்டும். திரும்ப வரும்போது பென்சில் பிரிண்ட்டையும் ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் காட்டுங்கள். அசல் புத்தகத்தைப் "படம் எடுத்துக்கொண்டு தருகிறேன்" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பேரம் முடியும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டவும் வேண்டாம். பல வருடம் நின்ற எஞ்சின், சிலிண்டருக்குள் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பார்க்காமல் பேட்டரியைக் கொடுத்தால் பிஸ்டன் ரிங் உடையக்கூடும்.